பழைய செங்கற்சுவரும் புதிய பட்டறையும்

இன்றைய உரையில் நம் தோட்டப்புறக் குடும்பங்களுக்குப் பயன்படக்கூடிய ஒரு கைத்தொழில் செய்தியை எடுத்துக்கொள்வோம். வீட்டின் பின்புறத்தில் ஏற்கனவே நிற்கும் பழைய செங்கற்சுவரை ஒட்டி, ஒரு சிறு பட்டறையை எப்படி அமைப்பது என்பதே அது.

நம் குடும்பங்களில் கைத்தொழில் தெரிந்தவர்களுக்குக் குறைவில்லை. காலையில் பிரட்டுக்களத்தில் பெயர் கொடுத்து வேலைக்குப் போய்த் திரும்பிய பின்னர், மாலையில் மோட்டார் சைக்கிள் பழுது பார்ப்பவர் உண்டு. புல்வெட்டும் இயந்திரத்தைச் சீர்செய்பவர், செம்பனை அரிவாளுக்குச் சாணை பிடிப்பவர், மேசை நாற்காலி செய்பவர், துணி தைக்கும் அம்மாமார்கள் என்று பலரும் உண்டு. இவர்களுக்கு இல்லாதது திறமையன்று, இடமே ஆகும். மழை வந்தால் வேலை நின்றுவிடும். இரவானால் கருவிகளை வீட்டுக்குள் கட்டிலுக்கு அடியில் தள்ளவேண்டும். பத்து அடிக்குப் பன்னிரண்டு அடியில் ஒரு கூரை கிடைத்தால் போதும், ஒரு குடும்பத்தின் இரண்டாவது வருமானத்திற்கு வழி பிறந்துவிடும்.

பின்புறத்தில் ஒரு பழைய சுவர் நிற்கிறது. அதைக் கண்டதும், "ஒரு பக்கச் சுவர் மிச்சம், அதன்மேல் இரண்டு கட்டையைச் செருகித் தகரத்தைப் போட்டுவிடலாம்" என்று எண்ணத் தோன்றும். இந்த எண்ணத்தில் பாதி சரி, பாதி ஆபத்து. எது சரி, எது ஆபத்து என்பதைப் பிரித்தறிவதே இவ்வுரையின் நோக்கம்.

முதலில் இச்சுவர்கள் எங்கிருந்து வந்தன என்பதைச் சிறிது பார்ப்போம். 1881ஆம் ஆண்டில் கோலாலம்பூர் தீயாலும் வெள்ளத்தாலும் பெருஞ்சேதம் அடைந்தது. மரத்தாலும் அத்தாப்பாலும் ஆன வீடுகள் அழிந்தன. அதற்கு அடுத்த ஆண்டில் சிலாங்கூரின் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக வந்த பிராங்க் சுவெட்டன்ஹாம், நகரைச் செங்கல்லாலும் ஓட்டாலும் கட்டவேண்டும் என்று வற்புறுத்தினார். கப்பித்தான் யாப் ஆ லோய் செங்கற்சூளைகளை ஏற்படுத்தினார். நம்மவர்கள் நிறைந்த பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்திற்கு அப்பெயர் வந்ததும் அச்சூளைகளாலேயே ஆகும். பின்னர் தோட்டங்கள் பெருகியபோது துரை பங்களாவின் தோட்டச் சுவர், ஆயாக்கொட்டகையின் சுற்றுச் சுவர், ரப்பர் ஷீட்டுகளைப் புகையிட்டு உலர்த்திய கட்டடத்தின் சுவர் என்று செங்கற்சுவர்கள் எழுந்தன. கட்டடம் போய்விட்ட பல இடங்களில் சுவர் மட்டும் இன்னும் நிற்கிறது.

அக்காலத்துச் சுவர்களில் பல, சுண்ணாம்பும் மணலும் கலந்த சாந்தால் கட்டப்பட்டவை. நம் வீட்டுச் சுவர் எவ்வகை என்று அறிய ஓர் எளிய சோதனை உண்டு. இரண்டு செங்கற்களுக்கு இடையேயுள்ள சாந்தை ஓர் ஆணியால் கீறிப் பாருங்கள். வெளிர் நிறத்தில் மாவாக உதிர்ந்தால் அது பெரும்பாலும் சுண்ணாம்புச் சாந்து. சாம்பல் நிறத்தில் கெட்டியாக இருந்து ஆணிக்கு மசியவில்லை என்றால் அது சிமெண்டுச் சாந்து. இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இது நமக்குத் தேவைப்படும்.

கரணையை எடுக்கும் முன்னர் பேனாவை எடுக்கவேண்டும். சுவர் யாருடையது என்று கேட்டறிய வேண்டும். நாம் தோட்ட வீட்டில் குடியிருந்தால் நிலமும் சுவரும் நிர்வாகத்திற்கு உரியவை. மானேஜர் ஒருவர் வாய்வார்த்தையாகத் தலையை அசைத்திருக்கலாம். அவர் மாறிப்போனால் அந்த வார்த்தையும் அவரோடு போய்விடும். ஆகவே அனுமதியை எழுத்தில் பெறவேண்டும். தாமான் வீடாக இருந்தால், இரு வீட்டுக்கும் நடுவிலுள்ள சுவர் அண்டை வீட்டாருக்கும் உரியதாக இருக்கலாம். அவரிடம் முதலில் பேசுங்கள். அத்துடன் 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டம், புதிய கட்டடத்திற்கும் கட்டடத்தில் செய்யும் மாற்றத்திற்கும் ஊராட்சி மன்றத்தின் அனுமதி வேண்டும் என்கிறது. சிறு கொட்டகைதானே என்று விட்டுவிடாமல், வரைபடம் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு மன்ற அலுவலகத்தில் கேட்டுவிடுவது நல்லது. மலாயில் கடிதம் எழுதத் தயங்குபவர்கள் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களை அணுகலாம். இதற்கு உதவுவதும் எங்கள் கடமைகளில் ஒன்றே.

இனி சுவரைச் சோதிப்போம். "சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும்" என்பது பழமொழி. அந்தச் சுவர் எப்படி இருக்கிறது என்று நாமே பார்க்கவேண்டும். "வாத்தியாரே, இது எங்க தாத்தா காலத்துச் சுவரு, இத்தனை வருஷம் நிக்குது, இனியா விழப்போகுது?" என்று சிலர் கேட்பார்கள். இத்தனை காலம் அது தன் எடையை மட்டுமே தாங்கி நின்றது. நாம் ஏற்றப்போகும் எடையையும் காற்றையும் அது இன்னும் சந்திக்கவில்லை. ஆகவே சோதனை அவசியம்.

முதல் சோதனை, கனம். ஒரு செங்கல் ஏறக்குறைய 215 மில்லிமீட்டர் நீளமும் 102 மில்லிமீட்டர் அகலமும் 65 மில்லிமீட்டர் உயரமும் உடையது. பழைய கற்களில் இது சிறிது கூடலாம், குறையலாம். சுவரின் முகத்தில் செங்கற்களின் நீளப்பக்கம் மட்டுமே தெரிந்தால் அது பெரும்பாலும் நாலரை அங்குலக் கனமுள்ள அரைச் செங்கற்சுவர். நீளப்பக்கமும் தலைப்பக்கமும் கலந்து தெரிந்தால் அது ஒன்பது அங்குலச் சுவராகவோ அதற்கு மேற்பட்டதாகவோ இருக்கும். சுவரின் முனையில் அளந்து உறுதிசெய்துகொள்ளலாம். ஆள் உயரத்திற்கு மேல் தனியாக நிற்கும் அரைச் செங்கற்சுவரை நம்பவேகூடாது.

இரண்டாவது சோதனை, நேர்நிற்றல். கொத்தனாரின் தூக்குக்குண்டு இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் ஒரு நூலில் கனமான நட்டு ஒன்றைக் கட்டிக்கொள்ளலாம். 50 மில்லிமீட்டர் கனமுள்ள ஒரு கட்டையைச் சுவரின் உச்சியில் முகத்தோடு அழுத்திப் பிடித்து, அதன் வெளி விளிம்பிலிருந்து நூலைத் தொங்கவிடுங்கள். ஆட்டம் நின்றதும், அடியில் சுவருக்கும் நூலுக்கும் உள்ள இடைவெளியை அளந்து பாருங்கள். அதுவும் 50 மில்லிமீட்டர் என்றால் சுவர் நேராக நிற்கிறது. 90 மில்லிமீட்டர் என்றால் சுவரின் உச்சி நம் பக்கம் 40 மில்லிமீட்டர் சாய்ந்திருக்கிறது. 20 மில்லிமீட்டர் என்றால் மறுபக்கம் 30 மில்லிமீட்டர் சாய்ந்திருக்கிறது. இதை நாலைந்து இடங்களில் செய்யவேண்டும். எவ்வளவு சாய்வு ஆபத்தானது? பிரிட்டனில் வீட்டுத் தோட்டச் சுவர்களுக்கு வழிகாட்டியாகச் சொல்லப்படும் அளவுகள் உண்டு. அரைச் செங்கற்சுவருக்கு 30 மில்லிமீட்டர், ஒரு செங்கற்சுவருக்கு 70 மில்லிமீட்டர், ஒன்றரைச் செங்கற்சுவருக்கு 100 மில்லிமீட்டர். இதற்கு மேல் சாய்ந்த சுவரின் அருகில் பட்டறை வேண்டாம். பிள்ளைகள் விளையாடுவதும் வேண்டாம்.

மூன்றாவது, வெடிப்பு. மயிரிழை போன்ற கோடுகளால் பெரிய கேடு இல்லை. சாந்து வழியே படிக்கட்டுப் போல் ஏறிச் செல்லும் வெடிப்பு, அடித்தளம் ஒரு பக்கம் இறங்கியிருப்பதைக் காட்டும். வெடிப்பின் இரு முனைகளிலும் பென்சிலால் கோடிட்டு, தேதி எழுதிவையுங்கள். அகலத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். மழை மாதங்களிலும் வெயில் மாதங்களிலும் மீண்டும் அளந்து பாருங்கள். வெடிப்பு நீள்கிறது, அகல்கிறது என்றால் சுவர் இன்னும் நகர்ந்துகொண்டிருக்கிறது என்று பொருள்.

நான்காவது, மரம். பறவை போட்ட விதையில் முளைத்த ஆலங்கன்றோ அரசங்கன்றோ சுவரில் இருந்தால் அதைப் பிடித்து இழுக்கவேண்டாம். வேரோடு சேர்ந்து செங்கல்லும் வந்துவிடும். அடியோடு வெட்டி, தளிர்க்கும்போதெல்லாம் கிள்ளி, வேர் காய்ந்த பின்னரே எடுத்துவிட்டு ஓட்டையை அடைக்கவேண்டும்.

ஐந்தாவது சோதனைதான் எல்லாவற்றிலும் முக்கியமானது. சுவரின் மறுபக்கத்து மண் எந்த உயரத்தில் இருக்கிறது என்று போய்ப் பாருங்கள். நம் பக்கத்தைவிட அங்கே மண் உயர்ந்திருந்தால், அதை வெறும் தோட்டச் சுவர் என்று எண்ணக்கூடாது. அது மண்ணைத் தாங்கி நிற்கும் சுவர். மழை பெய்து மண் ஊறும்போது அதன்மேல் தள்ளும் விசை பன்மடங்காகும். 1993ஆம் ஆண்டு டிசம்பர் 11ஆம் தேதி உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடியின் ஒரு கட்டடம் சாய்ந்து 48 பேர் உயிரிழந்ததை நாடு மறக்கவில்லை. அக்கட்டடத்தின் பின்னாலிருந்த சரிவில் நீர் சேர்ந்து, மண்ணும் தாங்கு சுவர்களும் சரிந்ததே அதற்கு வழிவகுத்தது. பன்னிரண்டு மாடிக் கட்டடத்திற்கே அந்தக் கதி என்றால், நம் சிறு சுவரைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. மண் தாங்கும் சுவரில் நீர் வெளியேறும் துளைகள் அடைபட்டிருந்தாலோ, சுவர் நடுவில் வயிறு தள்ளியிருந்தாலோ, அதன் பக்கத்தில் எதையும் கட்டாமல் நிர்வாகத்திடமும் ஊராட்சி மன்றத்திடமும் எழுத்து மூலம் தெரிவிக்கவேண்டும்.

ஆறாவதாக, சுவரின் அடித்தளம் எவ்வளவு ஆழம் என்று பார்க்கவேண்டும். இதற்காகச் சுவர் நெடுகக் கால்வாய் வெட்டிவிடாதீர்கள். ஓர் அடி அகலத்தில் ஒரே ஒரு குழி போதும். அடிமட்டம் எத்தனை அங்குலத்தில் முடிகிறது, செங்கல் எத்தனை அங்குலம் வெளியே நீண்டிருக்கிறது என்று குறித்துக்கொண்டு, அன்றே குழியை மூடி நன்றாகக் குத்திவிடவேண்டும்.

இச்சோதனைகளில் சுவர் தோற்றுவிட்டால் மனம் தளரவேண்டாம். முறைப்படி அனுமதி பெற்று அதைப் பிரித்துவிடலாம். அடியில் இடித்துத் தள்ளாமல், உச்சியிலிருந்து ஒவ்வொரு வரிசையாக இறக்கவேண்டும். இரு பக்கத்திலும் யாரும் நிற்கக்கூடாது. சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய செங்கல்லிலிருந்து சாந்து எளிதாக உதிர்ந்துவிடும். சுத்தம் செய்த கற்கள் பட்டறையின் தரைக்கு உதவும்.

சுவர் தேறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இப்போது தலையாய விதியைச் சொல்கிறோம். பட்டறை சுவரின் பக்கத்தில் நிற்கவேண்டும், சுவரின்மேல் சாயக்கூடாது. கூரையின் எடை முழுவதையும் பட்டறையின் சொந்தத் தூண்களே தாங்கவேண்டும். சுவர் நமக்கு மறைப்பாகவும் காவலாகவும் இருந்தால் போதும்.

இதற்குக் காரணம் காற்று. மேற்குக் கரை மாநிலங்களில் விடியற்காலையில் திடீரென்று வீசும் சுமத்ராக் காற்றை நாம் அறிவோம். மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் காற்று, ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 39 கிலோ எடைக்குச் சமமான அழுத்தத்தை உண்டாக்கும். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் கூரை ஏறக்குறைய 11 சதுர மீட்டர். முன்புறம் திறந்த கொட்டகையில் காற்று புகுந்தால், 400 கிலோவுக்கு மேற்பட்ட விசை கூரையை மேல்நோக்கித் தூக்கக்கூடும். தகரத்தின் எடையோ 100 கிலோகூட இராது. எனவே கூரை விழுந்துவிடுமோ என்பதைவிடப் பறந்துவிடுமோ என்றே நாம் கவலைப்படவேண்டும். அந்தக் கூரையைப் பழைய சுவரில் முளையடித்துப் பிணைத்திருந்தால், காற்று கூரையை இழுக்கும், கூரை சுவரை இழுக்கும். பழைய சாந்து அழுத்தத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. மேல்வரிசைக் கற்கள் பெயர்ந்து வேலை செய்பவர் தலையில் விழும்.

ஆறு தூண்கள் போதும். சுவரிலிருந்து இரண்டு அடி தள்ளி மூன்று, ஒன்பது அடியில் மூன்று என்று இரண்டு வரிசை. பக்கவாட்டில் தூணுக்குத் தூண் ஆறு அடி. ஒவ்வொரு தூணுக்கும் ஒன்றரை அடிச் சதுரத்தில் இரண்டு அடி ஆழக் குழி வெட்டி, ஒரு பங்கு சிமெண்டு, இரண்டு பங்கு மணல், நான்கு பங்கு சல்லிக்கல் கலந்த காங்கிரீட்டை நிரப்பவேண்டும். இப்படிப்பட்ட ஒரு குழியின் காங்கிரீட்டு ஏறக்குறைய 300 கிலோ இருக்கும். ஆறு குழிக்கு 1,800 கிலோ. மேலே சொன்ன 400 கிலோ இழுப்புக்கு இது தாராளம். காங்கிரீட்டை ஏழு நாட்களுக்கு ஈரச்சாக்கு போட்டு மூடிவைத்தால்தான் அது முழு வலிமை பெறும்.

குழி வெட்டும்போது ஒரு கணக்கை மறக்கவேண்டாம். பழைய அடித்தளத்தின் அடிமட்டத்திற்குக் கீழே எத்தனை அங்குலம் நம் குழி இறங்குகிறதோ, குறைந்தது அத்தனை அங்குலம் அந்த அடித்தளத்தின் விளிம்பிலிருந்து குழி விலகியிருக்கவேண்டும். இல்லையேல் சுவரின் காலடி மண் சரியும். சுவர்ப் பக்கத்துக் குழிகளை ஒரே நாளில் எல்லாம் வெட்டிப் போடாமல், ஒவ்வொன்றாக வெட்டி அன்றன்றே நிரப்புவது நல்லது. மழை நாளில் வெட்டவே வேண்டாம்.

தூண் மரமா, இரும்பா? இரண்டும் சரியே. மரமானால் அதை மண்ணில் புதைக்கக்கூடாது. கரையானுக்கு நாமே விருந்து வைப்பதாகும். காங்கிரீட்டில் இரும்புத் தகட்டைப் பதித்து, தரைக்கு மேல் ஆறு அங்குல உயரத்தில் தூணைப் போல்ட்டு நட்டுப் போட்டு முடுக்கவேண்டும். செங்கால் மரம் கரையானை நன்கு எதிர்க்கும், ஆனால் விலை அதிகம். மருந்தேற்றாத ரப்பர்க் கட்டையைத் தூணுக்கு வைக்கவேண்டாம். அதைப் பூஞ்சணமும் வண்டும் விரைவில் அரித்துவிடும். இரும்புக் குழாயானால் அடியில் நீர் தேங்காமல் பார்த்துத் துருத்தடுப்பு வர்ணம் பூசவேண்டும். இரு பக்கங்களிலும் பின்வரிசையிலும் மூலைவிட்டமாகக் குறுக்குச் சட்டங்கள் கொடுக்கவேண்டும். நாற்காலியின் கால்களுக்குக் குறுக்குக் கட்டை இல்லாவிட்டால் அது ஆடுவதைப் போலவே, குறுக்குச் சட்டம் இல்லாத கொட்டகையும் ஆடும்.

கூரை சுவர்ப் பக்கம் உயர்ந்தும் முன்பக்கம் தாழ்ந்தும் இருக்கவேண்டும். பின்னால் ஒன்பது அடி, முன்னால் ஏழு அடி என்று வைத்தால் நீர் நன்றாக வழியும். கூரை விளிம்புக்கும் சுவருக்கும் இடையில் இரண்டு அங்குல இடைவெளி விடுங்கள். சுவர் கூரையைவிட உயரமாக இருந்தால் அந்த இடைவெளியில் மழை இறங்கும். அதைத் தடுக்க, மடித்த தகரப் பட்டை ஒன்றைச் சுவரின் சாந்துக் கோட்டில் ஓர் அங்குலம் செருகி, கீழ்ப்பகுதி கூரைத் தகரத்தின்மேல் ஆறு அங்குலம் கவிந்திருக்குமாறு விடவேண்டும். பட்டையைக் கூரையோடு ஆணியடிக்கக் கூடாது. அப்போதுதான் கூரை காற்றில் அசைந்தாலும் சுவருக்குத் தொல்லை இராது. சுவர் தாழ்வாக இருந்தால் கூரை நம் எல்லையோடு நிற்கவேண்டும். அடுத்த வீட்டுப் பக்கம் சொட்டுநீர் விழக்கூடாது.

பழைய கட்டடத்திலிருந்து கழற்றிய அஸ்பெஸ்டாஸ் தகடுகள் இலவசமாகக் கிடைக்கின்றன என்று சிலர் கொண்டுவருவதுண்டு. வேண்டவே வேண்டாம். அதை அறுக்கும்போதும் துளையிடும்போதும் உடைக்கும்போதும் பறக்கும் நுண்ணிழைகள் நுரையீரலில் தங்கி, பல்லாண்டுகள் கழித்துப் புற்றுநோயைக்கூட உண்டாக்கும்.

மழைநீரின் அளவையும் எண்ணிப் பார்ப்போம். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர். ஒரு மணி நேரத்தில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால், 11 சதுர மீட்டர்க் கூரையிலிருந்து 550 லிட்டர் நீர் இறங்கும். அதைச் சுவரின் காலடியில் விட்டால் நாம் செய்த சோதனைகள் யாவும் வீண். பீலி வைத்து, குழாய் வழியே வடிகாலில் சேர்க்கவேண்டும். பீப்பாயில் பிடித்தால் நெருக்கமான வலையோ மூடியோ போடவேண்டும். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக மாற ஏறக்குறைய ஒரு வாரமே போதும். ஆகவே வாரம் ஒருமுறை பீலியில் சேரும் இலைகளை அள்ளுவதைப் பிள்ளைகளுக்கல்ல, பெரியவர் ஒருவருக்குக் கடமையாக்குங்கள். ஏணி ஏறும் வேலை அது.

இனி சுவரைப் பேணுவது பற்றி. முன்பு ஆணியால் கீறிப் பார்த்தோம் அல்லவா? சுண்ணாம்புச் சாந்துச் சுவரானால், அழகுக்காக அதன்மேல் சிமெண்டு பூசிவிடக் கூடாது. பழைய சுவர் மண்ணிலிருந்தும் மழையிலிருந்தும் ஈரத்தை உறிஞ்சி, சாந்துக் கோடுகளின் வழியே வெளியே விடுகிறது. கெட்டியான சிமெண்டு அவ்வழியை அடைத்தால், ஈரம் செங்கல்லின் வழியே வெளியேற முயலும். அதோடு வரும் உப்பு செங்கல்லின் முகத்தில் வெள்ளையாகப் பூத்து, பொறை பொறையாக உதிர்த்துவிடும். சாந்து போனால் மீண்டும் அடைக்கலாம். செங்கல்லின் முகம் போனால் திரும்ப வராது.

சாந்து உதிர்ந்த இடங்களில் ஓர் அங்குல ஆழம் வரை தளர்ந்ததைச் சுரண்டி எடுத்து, நீர் தெளித்து, ஒரு பங்கு சுண்ணாம்பும் மூன்று பங்கு மணலும் கலந்த சாந்தை அழுத்தி அடைக்கவேண்டும். சுண்ணாம்பு மெதுவாகவே இறுகும். நேர்வெயில் படாமல் ஈரச்சாக்கால் சில நாட்கள் மறைத்துவையுங்கள். வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்புதானே என்று அலட்சியம் வேண்டாம். அதுவே நாக்கைப் புண்ணாக்கும் என்றால் கண்ணை என்ன செய்யும்? கண்ணாடியும் கையுறையும் அணியவேண்டும். பிள்ளைகளை அருகில் விடக்கூடாது. வர்ணம் வேண்டுமானால் சுண்ணாம்பு வெள்ளையடியுங்கள். எண்ணெய் வர்ணம் ஈரத்தை அடைத்துவிடும்.

தரையைச் சுற்றுப்புறத்தைவிட ஆறு அங்குலம் உயர்த்தி, முன்பக்கம் சிறிது சரிவாக அமைக்கவேண்டும். தரைக்கும் பழைய சுவருக்கும் நடுவில் அரை அங்குலம் இடைவெளி விட்டு, மிருதுவான பொருளால் அடைக்கலாம். புதிய தரை தன்போக்கில் இறங்கும். பழைய சுவர் தன்போக்கில் நிற்கும். ஒன்றையொன்று இழுக்காது.

பின்வரிசைத் தூண்களுக்கும் சுவருக்கும் நடுவிலுள்ள இரண்டு அடி இடம் வீணாகாது. தூண்களிலேயே சட்டம் பூட்டி அலமாரித் தட்டுகள் அமைக்கலாம். தட்டுக்கும் சுவருக்கும் நான்கு அங்குலம் காற்றுப் புக விடுங்கள். மரத்தூளையும் பலகையையும் சுவரோடு சாத்தினால் ஈரமும் கரையானும் சேரும். சாணை இயந்திரத்தைச் சுவரில் பூட்டாமல் தரையில் ஊன்றிய மேசையில் பூட்டவேண்டும். பெட்ரோலைப் பட்டறைக்குள் சேர்த்துவைக்கக் கூடாது. மின்சாரத்தை அடுப்படியிலிருந்து நீண்ட வயர் போட்டு இழுக்கவேண்டாம். பதிவுபெற்ற வயர்மேன் ஒருவரைக் கொண்டு தனி இணைப்பும், 30 மில்லியம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்புக் கருவியும் பொருத்தச் செய்யுங்கள். இதில் மிச்சம் பிடிக்கும் வெள்ளி, உயிருக்கு ஈடாகாது.

நேயர்களே, தூண்களைப் போல்ட்டு நட்டுப் போட்டு முடுக்கச் சொன்னோம். கூரையைச் சுவரில் பிணைக்காதீர்கள் என்றோம். அதற்குக் காற்று மட்டும் காரணமன்று. தோட்டத் துண்டாடல் நடந்த 1950ஆம் ஆண்டுகளிலிருந்து எத்தனையோ தோட்டங்கள் கைமாறியதையும், வீடமைப்புப் பகுதிகளாக மாறியதையும் நம் மக்கள் கண்டிருக்கிறார்கள். தோட்ட வீடு வேலையோடு கிடைத்தது. வேலை முடிந்தால் வீட்டையும் விடவேண்டிவரும். அந்நாளில் சுவரோடு சேர்த்துக் கட்டிய பட்டறையை எடுத்துச்செல்ல முடியாது. இடிந்த கல்லுக்கு யாரும் காசு தரமாட்டார்கள். சொந்தத் தூண்களில் நிற்கும் பட்டறையையோ, இரண்டு சாவிகளும் நாலு உறவினரும் இருந்தால் ஒரே நாளில் கழற்றி லோரியில் ஏற்றிவிடலாம். தூண், சட்டம், தகரம், அலமாரி எல்லாம் நம்முடன் வரும். புதிய இடத்தில் குழி வெட்டினால் மறுவாரம் தொழில் தொடங்கிவிடும். ஆகவே அனுமதிக் கடிதத்திலேயே, "இதைக் கழற்றி எடுத்துச்செல்லும் உரிமை எங்களுக்கு உண்டு" என்ற ஒரு வரியையும் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். வாங்கிய பொருட்களின் ரசீதுகளை அக்கடிதத்தோடு வைத்திருங்கள்.

இதுவரை கூறியவற்றைச் சுருக்கிச் சொல்வோம். அனுமதியை எழுத்தில் பெறவேண்டும். கனம், நேர்நிற்றல், வெடிப்பு, மரம், மறுபக்க மண், அடித்தளம் ஆகிய ஆறையும் சோதிக்கவேண்டும். கூரையைச் சொந்தத் தூண்களில் நிறுத்தவேண்டும். மழைநீரைச் சுவரின் காலடியிலிருந்து விலக்கவேண்டும். சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்பே பூசவேண்டும். முடிவாக, எல்லாவற்றையும் கழற்றி எடுக்கும்படி அமைக்கவேண்டும்.

இந்த வாரமே ஒரு நூலும் ஒரு நட்டும் ஓர் அளவுகோலும் எடுத்துக்கொண்டு, பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு, உங்கள் வீட்டுப் பின்சுவரை அளந்து பாருங்கள். பட்டறை கட்டப்போகிறவர்கள் மட்டுமல்ல, அச்சுவரின் நிழலில் துணி உலர்த்துபவர்களும் அதன் உறுதியை அறிந்திருக்கவேண்டும். அளவுகளை ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதியோடு எழுதிவையுங்கள். ஆறு மாதம் கழித்து மீண்டும் அளக்கும்போது அந்த ஏடு உங்களுக்கு உண்மையைச் சொல்லும்.